தகட்டை வெட்டுமுன் பதினைந்தடி தள்ளி நில்லுங்கள்

டேங்க் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் பட்டறை வைத்து பைக் டேங்க் செய்கிறேன். தொழிலுக்கு வந்து முப்பத்து நாலு வருஷம். போன மாதம், "பைக் டேங்கைக் கையால் செய்ய முடியுமா?" என்று ஒருவர் கேட்டதற்கு "முடியும்" என்று எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் எடுத்த எடுப்பிலேயே தகடு எத்தனை கேஜ், வெல்டிங் எந்த வெல்டிங் என்றுதான் கேட்கின்றன. அதற்கும் பதில் உண்டு. ஆனால் பாலக்கோட்டிலிருந்து வந்த கடிதத்தை முதலில் எடுக்கிறேன். இந்த வேலையில் இறங்குகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதில்தான் இருக்கிறது.

*

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது ஸ்ப்ளெண்டர். தர்மபுரியில் பழைய இரும்புக் கடையில் புல்லட் டேங்க் ஒன்று 1,800 ரூபாய்க்குக் கிடைத்தது. டேங்கைப் பிடிக்கும் இரும்புப் பட்டை, அதாவது ஸ்டே, அடித்து மாட்டிவிட்டேன். டேங்கைத் தனியாகப் பார்த்தால் அவ்வளவு அழகு. வண்டியோடு சேர்த்துப் பார்த்தால் என்னவோ போல இருக்கிறது. எங்கே தப்பு என்று எனக்கே பிடிபடவில்லை. போட்டோ வைத்திருக்கிறேன். (பாலக்கோடு வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் போட்டோவை நாலு நாள் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்து, டீ குடிக்கும்போதெல்லாம் பார்த்தேன். டேங்கில் குறையில்லை. ஸ்டே அடித்த வேலையும் சுத்தமாக இருக்கிறது. அந்த டேங்க் வேறொரு வண்டிக்காகப் பிறந்தது, அவ்வளவுதான்.

அளவைப் பாருங்கள். பழைய 350 புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே சுமார் 1370 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்கு 18 அங்குலச் சக்கரம், அச்சுக்கு அச்சு 1230 சொச்சம். டயர் அகலம் இரண்டே முக்கால் அங்குலம். கிட்டத்தட்ட அரையடி நீளம் குறைந்த, ஒல்லி டயர் போட்ட வண்டியின் மேல் பெரிய வண்டியின் டேங்க் உட்கார்ந்திருக்கிறது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பையனைப் போலத் தோள் வழிந்து நிற்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் இன்ஜின். புல்லட்டில் சிலிண்டர் நட்டுக்குத்தலாக நிற்கும். டேங்கின் வயிற்றுக்கு நேர் கீழே இரும்பு நிறைந்திருக்கும். மேலே எவ்வளவு கனம் தெரிந்தாலும் கீழே தூண் நிற்பதால் கண் ஒப்புக்கொள்ளும். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் முன்பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறது. டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே வெட்டவெளி. உங்கள் போட்டோவில் அந்த இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் வீட்டுத் திண்ணையே தெரிகிறது. கால் இல்லாத பந்தலின் மேல் அண்டாவை ஏற்றி வைத்தாற்போல ஆகிவிட்டது. நீங்கள் சொன்ன "என்னவோ போல" அதுதான்.

மூன்றாவதாக ஒன்று, இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். டேங்கின் அடிக்கோடு பின்பக்கம் இறங்கி வருகிறது. சீட்டின் அடிக்கோடு அங்கிருந்து மேலே ஏறுகிறது. இரண்டும் சேரும் இடத்தில் பள்ளம் விழுந்து வண்டி நடுவில் ஒடிந்த மாதிரி இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவர் கண் முதலில் ஓடுவது இந்த அடிக்கோட்டின் மேல்தான். டேங்கின் வளைவு, பெயிண்டு, கோடு எல்லாம் பிறகு. அடிக்கோடு முன்னிருந்து பின்வரை தடுக்காமல் போனால் சுமாரான டேங்கும் பொருந்தும். அது ஒடிந்தால் எப்பேர்ப்பட்ட டேங்கும் ஒட்டுப்போட்டதாகவே தெரியும்.

ஆகவே, வண்டியைச் சமதளத்தில் நேராக நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டு வேண்டாம், சாய்ந்துவிடும். பதினைந்தடி தள்ளிப்போய், போனைச் சக்கர அச்சின் உயரத்துக்கு இறக்கிப் பிடித்துப் படம் எடுங்கள். நின்ற வாக்கில் எடுத்தால் டேங்கின் மேல்புறம் பெரிதாகி ஏமாற்றும். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து, டேங்கை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வரையுங்கள். டேங்க் இருந்த இடம் காலியாக இருக்கட்டும். இப்போது அந்தக் காலி இடத்தில் பென்சிலால் வேண்டிய மட்டும் போட்டுப் பாருங்கள். பத்துத் தாள் கிழித்தாலும் பரவாயில்லை. தகடு கிழிந்தால்தான் நஷ்டம்.

பிடித்த வடிவம் கிடைத்ததும் அட்டையில் முழு அளவுக்கு வெட்டி வண்டியில் வைத்துப் பாருங்கள். மூன்று வருஷத்துக்கு முன் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒருவர் ஆர்.எக்ஸ். 100 கொண்டுவந்தார். அவருக்கு ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் டேங்கின் பக்கவாட்டு வடிவத்தை வெட்டி, கொடியில் துணிக்குப் போடும் கிளிப்பால் சேஸ் பைப்பில் மாட்டினேன். அவரைச் சாலைக்கு எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நிற்கச் சொன்னேன். நான் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு அட்டையின் பின்முனையை ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, தூக்கினேன். "இன்னும்" என்றார். இன்னொரு நூல். "இன்னும்." மூன்றாவது நூலில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், லாரி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து வந்துகொண்டிருக்கிறார். "அண்ணா, கையை எடுக்காதீங்க, அப்படியே வைங்க" என்றார். சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். மூன்று நூல் என்பது பத்து மில்லிமீட்டர்கூட வராது. அந்தப் பத்து மில்லிமீட்டரைத் தகடு வெட்டிய பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு வாரத்து வேலை போயிருக்கும்.

உங்கள் வண்டிக்கு என் யோசனை இது. டயரோடு சேர்த்து உங்கள் சக்கரம் சுமார் இரண்டடி உயரம் வரும். பக்கவாட்டில் டேங்கின் உயரம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாக, எட்டு, மிஞ்சினால் ஒன்பது அங்குலம் இருந்தால் போதும். இது புத்தகக் கணக்கு இல்லை, என் கண் கணக்கு. சின்ன வண்டிகளுக்கு இதுவரை தப்பியதில்லை. முன்பக்கம் நின்று பார்க்கும்போது அந்த ஒல்லி டயருக்கு மேலே டேங்க் இருபுறமும் பிதுங்கக் கூடாது. அகலத்தைக் குறையுங்கள், முழங்கால் படும் இடத்தில் இன்னும் உள்ளே தள்ளுங்கள். டேங்குக்குக் கீழே உள்ள வெட்டவெளியை மறைக்க, டேங்கின் முன்பக்க அடி ஓரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கலாம். கம்பெனியில் செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். உங்கள் வண்டியின் பழைய டேங்கை எடுத்துப் பாருங்கள், புரியும்.

இருக்கிற புல்லட் டேங்கையே வைத்துக்கொள்ளத்தான் மனசு என்றால், பின்பக்க ஸ்டேயை அறுத்து ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். ஒடிவு பாதி சரியாகும். முழுக்கச் சரியாகாது. கனமும் யோசிக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பதினாலு லிட்டர் நிரப்பினால் பத்துக் கிலோவுக்கு மேல், தகட்டுக் கனம் தனி. ஓடும்போது தெரியாது. சந்தைக்கூட்டத்தில் காலூன்றித் திருப்பும்போது தெரியும்.

எதைச் செய்தாலும் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட்டே ஸ்டேயை வெல்டிங் செய்யுங்கள். கைப்பிடிக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் தாராளமாக இருக்க இடம் வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் யூ டர்ன் போடும்போது நகம் போகும்.

*

கேள்வி: ஐயா, நான் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். ஒரு டேங்கை முதலிலிருந்து நானே செய்ய ஆசை. எந்தத் தகடு, எந்த வெல்டிங், என்னென்ன கருவி வேண்டும்? (கிருஷ்ணகிரி மாணவர்)

பதில்: சி.ஆர். ஷீட் (சூடாக்காமல் உருட்டிய இரும்புத் தகடு), 20 கேஜ். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். கைத்தட்டுக்கு வளையும், மாட்டிய பிறகு நெளியாது. அடித்தட்டுக்கு மட்டும், அதாவது சேஸ் பைப்பின் மேல் கவிழ்ந்து உட்காரும் குழிவான பாகத்துக்கு, 18 கேஜ் போடுங்கள். கேஜ் எண் குறைந்தால் தகடு தடிமன். ஆட்டம் எல்லாம் அங்கேதான் விழும். மலிவாகக் கிடைக்கிறதென்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டைத் தொடாதீர்கள். சூடு பட்டால் துத்தநாகப் புகை வரும், அன்று ராத்திரியே காய்ச்சலும் வரும்.

கருவி என்று கேட்டால், என் பட்டறையில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. நடுவில் குழி தோண்டிய புளியமரக் கட்டை ஒன்று, ஒரு கொட்டாப்புளி (மரச்சுத்தி), மணல் நிரப்பிய தோல் பை, வழவழப்பான இரும்புச் சுத்தி ஒன்று, அடியில் கொடுத்துப் பிடிக்க உருண்டையும் தட்டையுமாக நாலைந்து இரும்புக் கட்டைகள், தகடு வெட்டும் கத்திரி. புளியங்கட்டை என் குருநாதர் கொடுத்தது. அடி வாங்கி வாங்கி அதன் குழியும் டேங்க் தகட்டைப் போலப் பளபளப்பாகிவிட்டது.

முதலில் அட்டை மாதிரியை வைத்து ஆறு மில்லிமீட்டர் கம்பியில் டேங்கின் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். அதன் மேல் செய்தித்தாளை ஒட்டி, எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே கிழிகிறது என்று பாருங்கள். மடிப்பு விழும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். கிழியும் இடத்தில் நீட்ட வேண்டும். தகடு பேசப்போவதைத் தாள் முன்கூட்டியே சொல்லிவிடும். அதன்படி இரண்டு பக்கம், நடுவில் மேல்பட்டை, அடித்தட்டு என்று நாலு துண்டு வெட்டுங்கள்.

தகட்டைக் கட்டைக்குழியின் மேல் வைத்து ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். நடுவில் ஓங்கி அடித்தால் அங்கே மட்டும் மெலிந்துபோகும். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு எழும். பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. அந்த மடிப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடாமல், நுனியிலிருந்து கொட்டாப்புளியால் மெல்லத் தட்டி உள்ளுக்குள்ளேயே அமர்த்துங்கள். தகடு சுருங்கிக் கிண்ணமாகும். சத்தத்தைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் மொத்து மொத்தென்று கேட்கும். அடி வாங்க வாங்கத் தகடு இறுகிக் கணீரென்று கேட்க ஆரம்பிக்கும். அதற்குமேல் அடித்தால் வெடிப்பு விடும். கேஸ் டார்ச்சால் மங்கிய சிவப்புக்குக் காய்ச்சி ஆறவிட்டால் பழையபடி இளகும்.

கடைசியாக இரும்புச் சுத்தியால் மேடு பள்ளம் எடுக்கும் வேலை. இதற்குக் கண்ணை நம்பாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைத் தகட்டின் மேல் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து நீளவாக்கில் இழுங்கள். கண்ணுக்கு நிரவலாகத் தெரிகிற இடத்தில் கை ஏறி இறங்கும். அந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம் போட்டு, அடியில் கட்டை கொடுத்து, நாலே நாலு தட்டு. மறுபடி கை. என் பட்டறையில் ஒரு டேங்குக்கு இந்த வேலை மட்டும் இரண்டு நாள் ஆகும். இதைச் சோம்பிவிட்டுப் பட்டி பூசி நிரவுகிறவர்கள் உண்டு. காகிதக் கனத்துக்குப் பட்டி பார்ப்பதில் தப்பில்லை. அரை அங்குலம் பூசினால் ஒரு கோடையில் பாளம் பாளமாக எழும்பும்.

வெல்டிங்கில் எனக்குப் பிடித்தது கேஸ் வெல்டிங். தகடும் தகடும் ஒட்டும் தையல் மெத்தென்று இருக்கும், மேலே சுத்தியால் தட்டி நிரவலாம். கை பழகியவரிடம் ஆர்கான் வெல்டிங்கும் நன்றாக வரும். சி.ஓ.2 வெல்டிங் வேகமான வேலைதான், ஆனால் தையல் கெட்டியாகிவிடும். தட்டினால் வெடிக்கும், கிரைண்டரில் தேய்த்தால் மெலிந்து ஒழுகும். சாதாரணக் குச்சி வெல்டிங் 20 கேஜைப் பொத்துவிடும். எந்த வெல்டிங் ஆனாலும் ஒரே ஓட்டமாக ஓட்டாமல், அங்குலத்துக்கு ஒரு புள்ளியாக, இந்தக் கோடி ஒன்று அந்தக் கோடி ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிடியுங்கள். இல்லையென்றால் தகடு முறுக்கிக்கொள்ளும்.

ஒழுகலைச் சோதிக்க கம்ப்ரஸரை வைக்காதீர்கள், பானை போல உப்பிவிடும். சைக்கிள் பம்பில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. போதும், தையல்மேல் சோப்புத் தண்ணீர். பிறகு தண்ணீரை அளந்து ஊற்றி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பாருங்கள். மூடிக் கழுத்துவரை பெட்ரோல் நிற்கும்படி செய்யாதீர்கள். பெட்ரோல் பத்து டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு விரியும். காலையில் பன்னிரண்டு லிட்டர் நிரப்பிவிட்டு நம் ஊர் சித்திரை வெயிலில் நிறுத்தினால் கால் லிட்டர்போல மேலே வரும். அதற்கு இடம் இல்லையென்றால் பெயிண்டின் மேல்தான் வழியும்.

மாட்டும்போது ரப்பர் புஷ் கட்டாயம். இரும்போடு இரும்பாக நேரே போல்ட் போட்டு முறுக்கிய டேங்க், எவ்வளவு நல்ல வெல்டிங்காக இருந்தாலும், ஸ்டே பக்கத்திலிருந்து கீறல் விடும்.

*

கேள்வி: டேங்கின் அடியில் ஊசித்துளை விழுந்து பெட்ரோல் கசிகிறது. பெட்ரோலை வடித்துவிட்டு ஒருநாள் வெயிலில் வைத்துக் கொண்டுவந்தால் வெல்டிங் வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தர்மபுரியில் ஒரு பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாகக் காலியாகக் கிடந்த ஒரு டேங்க். மோந்து பார்த்தோம், வாசனைகூட இல்லை. குருநாதர் டார்ச்சைப் பற்றவைத்துத் தையல் பக்கம் கொண்டுபோனார். இடி மாதிரி ஒரு சத்தம். டேங்கின் ஒரு பக்கத் தகடு பிய்ந்து கூரை ஆஸ்பெஸ்டாஸைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. அவருக்குக் கையும் புருவமும் வெந்தன. உயிர் பிழைத்தார். வலது காது கடைசிவரை கேட்கவில்லை. நான் இரண்டடி தள்ளிச் சாமான் எடுக்கக் குனிந்திருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே வெடிக்கும், ஏழரை பங்கு வரைக்கும் வெடிக்கும். நிரம்பிய டேங்கில் ஆவி அடர்த்தியாக இருப்பதால் உள்ளே வெடிக்கக் காற்று போதாது. காலி டேங்கில் இரண்டும் சரியாகக் கலந்து காத்திருக்கிறது. வெயிலில் வைத்தால் போய்விடும் என்பது பொய் நம்பிக்கை. துருவுக்கு அடியிலும் தையல் மடிப்பிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் மறுபடி ஆவியாகும்.

சரியான முறை: பெட்ரோல் திறந்து மூடும் டேப், மூடி, மிதவை எல்லாம் கழற்றி, வெந்நீரில் சோப்புத்தூள் கலந்து மூன்று நாலு தடவை குலுக்கிக் கழுவ வேண்டும். பிறகு துளை மேல்பக்கம் வரும்படி டேங்கைத் திருப்பி வைத்து, துளைக்கு ஒரு விரல்கடை கீழே வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். ஆவி போக ஒரு வாய் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் நிற்காத இடமானால் ஆர்கான் வாயுவை உள்ளே ஓடவிட்டுக்கொண்டே செய்ய வேண்டும். டேங்க் வேலையே தொழிலாகச் செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். அவர் கழுவாமல் டார்ச்சை எடுத்தால் டேங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அதுவரை வண்டியை வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து அடுப்படிவரை போகும்.

*

கேள்வி: என் மகன் கல்லூரி முடித்துவிட்டு பைக் டேங்கை மாற்றுவேன், சேஸை அறுப்பேன் என்று நிற்கிறான். போலீஸ் பிடிக்காதா? எனக்குப் பயமாக இருக்கிறது. (பர்கூர் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. சேஸை அறுப்பது இதில் நேராக மாட்டும். அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் வந்தாலும் நான் செய்து தர மாட்டேன். சட்டத்துக்காக மட்டும் இல்லை, அறுத்து ஒட்டிய சேஸ் தொப்பூர் இறக்கத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

டேங்க் விஷயத்தில், வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடச் சொல்லுங்கள். நிறம் மாறினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மகனைத் திட்டாதீர்கள் அம்மா. உங்கள் ஊர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்த இரும்பு 4,200 வருஷத்துக்கு முந்தியது என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்தச் செய்தித்தாளை நான் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரும்பின் மேல் ஆசை வருவது நம் மண்ணுக்குப் புதிது இல்லை. ஓடாத பழைய வண்டி ஒன்றை வாங்கிக் கொடுத்து, அதில் தட்டிப் பழகட்டும். ரோட்டுக்கு வரும் வண்டி முறைப்படி இருக்கட்டும்.

*

கேள்வி: ஃபைபர் டேங்க் தகட்டைவிட எளிது, லேசு என்கிறார்களே? (ஓசூர் வாசகர்)

பதில்: ஷோவில் நிறுத்திவைக்கச் சரி. இப்போது பெட்ரோல் பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சாதாரண ஃபைபர் பிசினை அது மெல்ல மெல்ல இளக்கும். பெயிண்டு கொப்புளிக்கும், கார்புரேட்டரில் கோந்து மாதிரி படியும். ஓட்டுகிற வண்டிக்குத் தகடுதான்.

*

கேள்வி: புதிதாகச் செய்து மாட்டிய டேங்க். ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் இன்ஜின் அணைகிறது. கொஞ்ச நேரம் நின்றால் திரும்ப ஓடுகிறது. ஒகேனக்கல் இறங்கும்போது மட்டும் சீக்கிரமே அணைகிறது. கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றியாயிற்று. (பென்னாகரம் வாசகர்)

பதில்: கார்புரேட்டரை விட்டுவிடுங்கள், பாவம். உங்களுக்கு இரண்டு வெவ்வேறு கோளாறு.

அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியில் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் தொங்கிவிடும். டம்ளரைத் தண்ணீருக்குள் முக்கி நிரப்பி, கவிழ்த்து, வாய் வெளியே வராமல் தூக்கினால் உள்ளே தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இறக்கத்தில் அணைவது டேப் இருக்கும் இடத்தால். உங்கள் டேங்கில் டேப்பைப் பின்பக்க மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மலையிறங்கும்போது கொஞ்சமாக இருக்கும் பெட்ரோல் முன்பக்கம் ஓடிவிடும், டேப்புக்கு எட்டாது. அடித்தட்டு நடுவில் மேடாக இருப்பதால் ஒரு பக்கத்துப் பெட்ரோல் மறுபக்கமும் வராது. டேங்கைக் கழற்றி, முறைப்படி கழுவி, இரண்டு பக்க அடியிலும் முன்னுக்குத் தள்ளி ஒவ்வொரு குழாய் வைத்து ரப்பர் டியூபால் டேப்புக்கு வரும்படி இணைக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்த மலைப்பாதையில் அரை டேங்குக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வளைவில் இன்ஜின் அணைந்தால் பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியாது.

*

கேள்வி: என்னிடம் 1978-ஆம் வருஷத்து யெஸ்டி இருக்கிறது. டேங்க் உள்ளே முழுக்கத் துரு. மேலே ஒரு குழி வேறு, என் பையன் சின்ன வயதில் கிரிக்கெட் பந்து அடித்தது. புது டேங்க் செய்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். உங்கள் அபிப்பிராயம்? (காரிமங்கலம், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: ஐயா, புது டேங்க் செய்தால் எனக்குக் கூலி. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன். மைசூரில் அந்த வண்டி செய்வதை 1996-இல் நிறுத்திவிட்டார்கள். அந்த டேங்கின் வளைவு அந்தச் சேஸுக்கும் அந்த இன்ஜினுக்கும் என்று யோசித்து வைத்தது. மேலே பாலக்கோட்டுத் தம்பிக்கு நான் தேடச் சொன்ன பொருத்தம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

துருவுக்கு: டேப்பைக் கழற்றித் துளைக்குக் கார்க் வையுங்கள். பெட்ரோல் வாடை போக சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். உள்ளே இரண்டு கைப்பிடி சின்ன நட்டுகள் போட்டு, டேங்கைத் துணியில் சுற்றிக் குலுக்குங்கள், உதிரும் துரு உதிரட்டும். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். பிறகு மளிகைக்கடை வினிகரைக் கழுத்துவரை ஊற்றி இரண்டு நாள் வையுங்கள். வடித்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே காயவைக்க வேண்டும். அரைமணி விட்டால்கூட மறுபடி செம்மை பூக்கும். காய்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். துரு போனபின் ஊசித்துளை தெரிந்தால் என்னிடம் அனுப்புங்கள், அடைத்துத் தருகிறேன்.

பந்து அடித்த குழியை என்னால் எடுக்க முடியும். மூடி வழியாகக் கம்பி விட்டு அரைநாளில் எடுத்துவிடலாம். எடுக்கட்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்களும் உங்கள் பையனும். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

டேங்கை நீங்கள் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம் ஐயா. யாரிடமாவது வண்டியில் கொடுத்தனுப்புங்கள், பெட்ரோலை முழுக்க வடித்து, கழுவி, மூடியைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டி. வியாழக்கிழமை தவிர எல்லா நாளும் பட்டறை திறந்திருக்கும்.